எல்லை தாண்டும் ஒப்பந்தங்களும் எல்லைக்குள் நிற்கும் சங்கங்களும்

(2025 மே மாதம் கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு “பிராந்திய ஒருங்கிணைப்பும் தொழிற்சங்கங்களும்”. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். உன் சாமான் என் நாட்டுக்கு வரட்டும், உன் கம்பனி என் நாட்டில் முதல் போடட்டும், என் ஆட்கள் உன் நாட்டில் வேலை செய்யட்டும் என்று பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒப்பந்தம் எழுதிக்கொள்வதற்குத்தான் இந்தப் பெயர். கொழுந்து எடுக்கும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்முடைய தொழிலைப் போல நாடுகளுக்கிடையே போட்ட ஒப்பந்தங்களால் அலைக்கழிக்கப்பட்ட தொழில் இந்த நாட்டில் வேறு இல்லை என்று நான் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கதையைப் பார்ப்போம்.

துறைமுகத்தில் நடந்தது

இந்த மண்டபத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் கொழும்புத் துறைமுகம் இருக்கிறது. நாம் பறித்த கொழுந்து தூளாகி, ஏலத்தில் விலைப்பட்டு, கடைசியில் கப்பல் ஏறுவது அங்கேதான். 2019 மே மாதத்தில் இலங்கை, இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்று அரசுகளும் அங்குள்ள கிழக்குக் கொள்கலன் முனையத்தைச் சேர்ந்து நடத்த உடன்பட்டன. துறைமுகத் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. 2020இல் தொழிலாளர்கள் பாரந்தூக்கியின் மேல் ஏறி உண்ணாவிரதம் இருந்தார்கள். 2021 ஜனவரிக் கடைசியில் சட்டப்படி வேலை செய்யும் போராட்டம் தொடங்கியது. பெப்ரவரி 1ஆந் திகதி அரசாங்கம் இறங்கி வந்தது. கிழக்கு முனையம் முழுவதும் துறைமுக அதிகாரசபைக்கே சொந்தமாக இருக்கும் என்று அறிவித்தது.

சங்கங்கள் ஒன்றுபட்டால் மூன்று நாட்டு அரசுகள் போட்ட உடன்பாடும் நிற்காது என்பதற்கு இது சாட்சி. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் மேற்கு முனையத்துக்கு 35 வருட ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியாவின் அதானி கம்பனிக்கு 51 வீதம், ஜோன் கீல்ஸுக்கு 34 வீதம், துறைமுக அதிகாரசபைக்கு 15 வீதம். கடந்த ஏப்ரலில் அந்த முனையம் வேலை தொடங்கிவிட்டது. ஒரு கதவை அடைத்தார்கள், பக்கத்துக் கதவு திறந்தது.

இந்த எதிர்ப்பில் இரண்டு குரல்கள் கலந்திருந்தன. ஒரு குரல் “பொதுச் சொத்தைக் கொடுக்காதே, வேலைக்கு உத்தரவாதம் கொடு” என்றது. அது தொழிற்சங்கத்தின் குரல். மற்றது “இந்தியாக்காரன் வருகிறான்” என்றது. அந்தக் குரல் கேட்ட இடங்களில் நம்முடைய ஆட்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அதை நம் பாட்டன்மார் முன்பே கேட்டிருக்கிறார்கள். அதுவும் இதே கொழும்பில்.

1939: ஒரே தொழிலாளர் படை பிளந்த கதை

அந்தக் காலத்தில் இந்தியாவும் இலங்கையும் வெள்ளைக்காரனின் ஒரே சாம்ராஜ்யம். ஆட்கள் போவதற்கும் வருவதற்கும் பெரிய தடை இல்லை. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் நகர சுத்தி வேலையிலும் சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் எல்லோரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஏ. ஈ. குணசிங்க 1923இல் நடத்திய கொழும்புப் பொது வேலைநிறுத்தத்தில் எல்லா இனத் தொழிலாளரும் ஒன்றாக நின்றார்கள்.

1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை குறைந்தது. அப்போது அதே குணசிங்கவின் இயக்கம் மலையாளித் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பியது. கூலியை வெட்டியவன் முதலாளி. ஆனால் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவன் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவன். 1939இல், 1934 மார்ச்சுக்குப் பிறகு அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்குச் சேர்ந்த இலங்கையரல்லாதோரை நிறுத்த முடிவு செய்தார்கள். ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பலன் இல்லை. பதிலுக்கு இந்திய அரசு அந்த ஆகஸ்ட் 1ஆந் திகதி முதல் பயிற்சியில்லாத தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது.

அந்த நெருக்கடியில்தான் 1939 ஜூலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம் பிறந்தது. அதே 1940 ஜனவரியில் முல்லோயாவில் 16 சதச் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் குண்டுக்கு கோவிந்தன் பலியானார். 1947 தேர்தலில் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. வாக்கில்லாத தொழிலாளியின் சங்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சட்டம் செய்யும் இடத்தில் அதன் குரல் அரைக் குரல்தான். அதை மீட்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1964: தலைக்கு மேல் போட்ட கையெழுத்து

பிறகு வந்தது 1964 அக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகைக் கோச்சி என்று நம் ஆட்கள் பெயர் வைத்த ரயில், தாயையும் பிள்ளையையும் பிரித்துக்கொண்டு தலைமன்னாருக்குப் போனது.

இதையும் நான் பிராந்திய ஒப்பந்தம் என்றுதான் சொல்வேன். இரண்டு அரசுகள் மேசையில் அமர்ந்து தொழிலாளரின் தலைவிதியை எழுதின. அந்த மேசையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. சங்கங்கள் ஒரே சமயத்தில் சந்தாதாரர்களையும், தோட்டக் கமிட்டிகளில் வளர்ந்த நல்ல ஊழியர்களையும் இழந்தன.

போனவர்கள் எங்கே போனார்கள்? பலர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்ற கம்பனியானது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் போனால் மஸ்கெலியா, பதுளை, கண்டி என்று சொந்த ஊர் சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கேயும் கவலை தீரவில்லை. 2022இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேயருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, நம் உறவுகள் வேலையும் வீடும் என்னாகுமோ என்று மறுபடி வீதிக்கு வந்தார்கள்.

ஆக, அக்கா நுவரெலியாவில் கொழுந்து எடுக்கிறாள், தங்கச்சி நீலகிரியில் கொழுந்து எடுக்கிறாள். இருவரும் எடுத்த தேயிலை உலகச் சந்தையில் ஒன்றோடொன்று போட்டி போடுகிறது.

போட்டியின் பெயரால்

1998 டிசம்பரில் இந்திய – இலங்கைச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ வரை இலங்கைத் தேயிலை பாதித் தீர்வையில் இந்தியாவுக்குப் போகலாம். தென்னிந்தியத் தோட்ட முதலாளிமார் எதிர்த்தார்கள். இலங்கைத் தேயிலை வந்தால் எங்கள் விலை விழுந்துவிடும் என்றார்கள். அந்தக் காலத்தில் கேரளத்தில் பீர்மேட்டுத் தோட்டங்கள் மூடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் பசியில் கிடந்தன.

கணக்கைப் பாருங்கள். அப்போது இந்தியாவின் ஆண்டு உற்பத்தி 800 மில்லியன் கிலோவுக்கு மேல். அதில் 15 மில்லியன் எந்த மூலைக்கு? ரஷ்யச் சந்தை சரிந்ததும், தோட்டங்களில் மறுநடுகைக்குக் காசு போடாமல் கறந்ததும் பெரிய காரணங்கள். ஆனால் அங்குள்ள தொழிலாளியின் காதில் விழுந்தது “இலங்கைத் தேயிலை” என்ற சொல். இங்கே நம் காதில் விழுவது என்ன? “கென்யாவில் கூலி குறைவு, இந்தியாவில் கூலி குறைவு, அங்கே ஒரு ஆள் கூடுதலாகக் கொழுந்து எடுக்கிறார், உங்களுக்குக் கூட்டிக் கொடுத்தால் தோட்டத்தை மூட வேண்டியதுதான்.” கடலுக்கு அந்தப் பக்கம் நம்மைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். இந்தப் பக்கம் அவர்களைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். கொழும்பு ஏலத்தில் நம் தேயிலைக்கு நீண்ட காலமாகவே கல்கத்தாவையும் மொம்பாசாவையும் விடக் கூடிய சராசரி விலை கிடைக்கிறது. கூலியை ஒப்பிடுபவர்கள் அந்த விலையை மட்டும் ஒப்பிட மறந்துவிடுகிறார்கள்.

கம்பனிகளுக்கு எல்லை இல்லை. இந்தியாவின் டாட்டா டீ 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெட்லியையே வாங்கியது. பெரிய வியாபாரிகள் பல நாட்டுத் தேயிலையை ஒரே பைக்குள் கலந்து விற்கிறார்கள். ஒரு நாட்டில் விலை ஏறினால் அடுத்த நாட்டில் வாங்குகிறார்கள். நம் சம்பளப் பேச்சோ தோட்டத்து மஸ்டர் களத்திலும் கொழும்பில் ஒரு மேசையிலும் நின்றுவிடுகிறது.

அந்த மேசையும் இப்போது ஆடிப் போயிருக்கிறது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போன பிறகு, முதலாளிமார் சம்மேளனத்தோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்துவந்தோம். அதில் குறைகள் நிறைய இருந்தன. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்ததும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டே விலகின. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1,350இல் வந்து நின்றது. சம்பளம் வர்த்தமானியில் வரலாம். ஆனால் வேலை நிபந்தனை, கொழுந்து நிறை, மருத்துவம், முறைப்பாடு ஆகியவற்றைப் பேசும் இடம் கூட்டு ஒப்பந்தம்தான். அது இல்லாத நேரத்தில் இன்னும் பெரிய ஒப்பந்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

வெளியே மற்றவர்கள் கண்ட அனுபவம்

ஐரோப்பாவில் நாடுகள் நம்மைவிட வெகுதூரம் ஒன்று சேர்ந்துவிட்டன. அங்கே சுவீடனில் ஒரு பாடசாலைக் கட்டட வேலைக்கு லாத்வியா நாட்டின் லாவால் கம்பனி தன் ஆட்களைக் கொண்டுவந்தது. எங்கள் நாட்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்று சுவீடன் சங்கங்கள் வேலைத்தளத்தை மறித்தன. 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. உலகிலேயே பலமான சங்கங்களில் ஒன்று, தன் சொந்த நாட்டில், வெளியே எழுதப்பட்ட ஒப்பந்தத்தால் கட்டிப்போடப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ மூன்றும் 2020இல் புதுப்பித்த வர்த்தக ஒப்பந்தத்தில், அமெரிக்கச் சங்கங்களின் நெருக்குதலால் பலமான தொழிலாளர் உரிமை விதிகள் சேர்க்கப்பட்டன. மெக்சிக்கோவின் சிலாவோ நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையில் ஒரு பழைய சங்கம் தொழிலாளருக்குத் தெரியாமல் நிர்வாகத்துக்குச் சாதகமாக நடந்துவந்தது. புதிய விதியின்படி 2021இல் முறைப்பாடு எழுந்தது. 2022 பெப்ரவரியில் இரகசிய வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு புதிய சங்கத்தைத் தெரிவு செய்தார்கள். சம்பளமும் உயர்ந்தது.

இரண்டும் வர்த்தக ஒப்பந்தங்கள்தான். எழுதும்போது தொழிற்சங்கம் உள்ளே நின்றதா வெளியே நின்றதா என்பதில்தான் வித்தியாசம்.

நம் தெற்காசியாவில் எப்படி? சார்க் 1985இல் டாக்காவில் பிறந்தது. 1992இல் முதலாளிமாரின் வர்த்தக சம்மேளனத்தைத் தன் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக ஏற்றது. தொழிற்சங்கங்களும் 1988இலேயே தெற்காசியத் தொழிற்சங்கப் பேரவையை அமைத்தன. 2004 ஜனவரி இஸ்லாமாபாத் மாநாட்டில் சுதந்திர வர்த்தக உடன்பாடும் கைச்சாத்தானது, சமூகப் பட்டயமும் கைச்சாத்தானது. தீர்வை எத்தனை வீதம், எந்த ஆண்டில் குறைய வேண்டும் என்று வர்த்தக உடன்பாட்டில் கணக்கு இருந்தது. சமூகப் பட்டயத்தில் நல்ல நல்ல வாசகங்கள் இருந்தன. ஒரு தொழிலாளி முறைப்பாடு செய்ய ஒரு வழி இருக்கவில்லை.

இப்போது நாம் கேட்க வேண்டியது

இந்தியாவோடு எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒப்பந்தப் பேச்சு பல வருடமாக இழுபடுகிறது. கடந்த டிசம்பரில் புதுதில்லியில் வெளியான கூட்டறிக்கையில் அந்தப் பேச்சைத் தொடர இரு அரசுகளும் உடன்பட்டன. மருத்துவர் சங்கமும் மற்றத் தொழில்வல்லுநர்களும் முன்பே இதை எதிர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய நியாயம். நமக்கு நம்முடைய நியாயம் இருக்கிறது. எட்கா வேண்டுமா வேண்டாமா என்று கண்ணை மூடிக்கொண்டு கோஷம் போடுவதற்கு முன் மூன்று விசயங்களைக் கேட்போம்.

ஒன்று, கையெழுத்துக்கு முன் வாசகத்தைக் காட்டுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் காட்டுங்கள். தேயிலை பற்றிய பகுதியை, கையெழுத்துப் போடுவதற்கு முன், தேசியத் தொழில் ஆலோசனைச் சபையில் தொழிற்சங்கங்களின் முன் வையுங்கள்.

இரண்டு, தொழிலாளர் உரிமை அத்தியாயம் இல்லாத ஒப்பந்தம் வேண்டாம். சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 87ஆம் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்றது. கூட்டுப் பேரம் பற்றிய 98ஆம் சமவாயத்தை 1972இலேயே ஏற்றது. இந்தியா இன்றுவரை இந்த இரண்டையும் ஏற்கவில்லை. இரண்டு நாடுகள் ஒன்று சேரும்போது உயர்ந்த படியில் நிற்பவர் இறங்கக் கூடாது, தாழ்ந்த படியில் நிற்பவர் ஏற வேண்டும். இதைக் கேட்பதால் நீலகிரியில் இருக்கும் தங்கச்சிக்கும் நன்மை.

மூன்று, யார் வந்து முதல் போட்டாலும், இந்தியரோ சீனரோ நம் நாட்டவரோ, இங்கே கூட்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும். வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவருக்கும் இங்குள்ளவருக்குச் சமமான சம்பளமும் சங்க உரிமையும் வேண்டும். குறைந்த கூலிக்கு ஆளைக் கொண்டுவர முடியாது என்றால், ஒரு தொழிலாளியைக் காட்டி இன்னொரு தொழிலாளியைப் பயமுறுத்தவும் முடியாது. வருகிறவனை விரட்டச் சொன்ன 1939 நமக்கு என்ன கொடுத்தது என்று சற்று முன் பார்த்தோம்.

அரசாங்கத்திடம் கேட்பது ஒரு பக்கம். நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2005இல் தேயிலை விளையும் நாடுகளின் தொழிற்சங்கங்களும் சிறு உற்பத்தியாளர்களும் சேர்ந்து டிசம்பர் 15ஐ சர்வதேசத் தேயிலை தினமாக அறிவித்தார்கள். முதல் கூட்டம் புதுதில்லியில் நடந்தது, பின்னர் இலங்கையிலும் நடந்தது. சம்பளம், விலை, நிலம் ஆகியவற்றைச் சேர்ந்து பேச உழைப்பவர்கள் உண்டாக்கிய நாள் அது. 2019இல் ஐக்கிய நாடுகள் சபை மே 21ஐ தேயிலை தினமாக்கியது. இப்போது அன்றைக்கு விதவிதமான தேநீர்க் கோப்பைகளின் படம் வருகிறது. கொழுந்துக் கூடை சுமப்பவளின் சம்பளச் சீட்டு வருவதில்லை. நாம் அந்த டிசம்பர் 15ஐ மறுபடி உயிர்ப்பிக்கலாம். நீலகிரி, வால்பாறை, மூணாறு, அசாம் சங்கங்களோடு வருடத்துக்கு ஒருமுறையாவது சம்பளச் சீட்டையும் கொழுந்து நிறைக் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம். கையில் தொலைபேசி இல்லாத வீடு இன்று லயத்திலும் குறைவு. கம்பனி “அங்கே குறைவு” என்று சொல்லும்போது, அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று நாமே மேசையில் எடுத்து வைக்கக்கூடிய நிலை வர வேண்டும்.

கடைசியாக, சங்கத் தலைமையில் இருக்கும் நமக்கெல்லாம் சேர்த்து ஒரு வார்த்தை. 2015 செப்டெம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், போனஸ் வெட்டுக்கு எதிராக ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பழைய சங்கங்களின் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் 20 வீதத்துக்கு ஈடான தொகையை வென்றார்கள். அவர்கள் சங்கத்தை வெறுத்தவர்கள் அல்ல, தங்களைக் கேட்காத சங்கத்தை வெறுத்தவர்கள். அரசாங்கம் எங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறது என்று குறை சொல்லும் நாம், தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. நம் சந்தாவில் பெரும்பங்கு அவர்களுடையது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

அதனால் ஒரு வேலையோடு உங்களை அனுப்புகிறேன். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எட்கா என்ற சொல்லை எடுத்துப் பேசுங்கள். இந்த மூன்று கோரிக்கைகளையும் வாசியுங்கள். பெண்களைப் பேச விடுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, தலைமைச் செயலகத்துக்கு அனுப்புங்கள். அமைச்சருக்குப் போகும் மகஜர் அந்தத் தாள்களிலிருந்து எழுதப்படட்டும். இந்தியாவில் உறவினர் உள்ளவர்கள், அங்குள்ள தோட்டத்தின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். நாம் தேட வேண்டிய விலாசங்கள் அங்கிருந்துதான் தொடங்கும்.

 கேள்விகள் இருந்தால் தேநீர் இடைவேளைக்குப் பிறகு பேசலாம்.